ஏழு என்று காட்டிய பெட்டி

பாஞ்சாலி பிறந்தது 1963 ஆவணியில், காவாந்தண்டலத்தில். தகப்பனார் வேதகிரி, இரண்டு ஏக்கர் நஞ்சை வைத்திருந்தவர். பிள்ளைகள் நால்வரில் இவள் கடைசி. பத்தாம் வகுப்புத் தேறியது 1979. உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் மாடியில் இருந்த பயிலகத்தில் ஆங்கிலத் தட்டச்சு லோயர் தேறியது 1981. திருமணம் 1984, புன்னைத்தாங்கல் ஏகாம்பரத்தோடு. குழந்தை இல்லை. ஏகாம்பரம் 1994 தை மாதம் வாலாஜாபாத் சாலையில் நெல் லாரி மோதி இறந்தார். அதன்பின் பாஞ்சாலி கணவர் வீட்டிலேயே தங்கி, அவர் பங்குக்கு வந்த முக்கால் ஏக்கரைக் குத்தகைக்கு விட்டுப் பிழைத்தாள்.

2003 ஆகஸ்டில் சென்னையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்து, புன்னைத்தாங்கல் ஏரியின் மதகடி அறையில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றைப் பொருத்தினார்கள். ஏரிக்குள் இறக்கிய குழாயில் ஒரு மிதவை இருந்தது. மிதவை எவ்வளவு ஏறியது என்பதைப் பெட்டி அறியும். குறித்த அளவைத் தண்ணீர் தொட்டதும், கலங்கலடியில் நட்ட கம்பத்தின் உச்சியில் சங்கு ஊதும். கலங்கலடி என்பது கரைக்குக் கீழே, உபரி நீர் வழிந்தோடும் கலங்கலை ஒட்டி இருளர் குடும்பங்கள் பதினேழு குடியிருந்த இடம். பட்டா இல்லாத இடம். குறித்த அளவு பத்தடி.

2005 டிசம்பர் 3, சனிக்கிழமை காலை, ஏரிக்கரை உடைந்தது. சங்கு ஊதவில்லை. கலங்கலடியில் இருவர் இறந்தனர்: கன்னியப்பன், வயது முப்பத்தாறு; அவர் மகள் சந்தியா, வயது பதினொன்று.

தாளில் இருப்பவை இவ்வளவே.

பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஓர் ஆள் வேண்டும் என்று நிறுவனத்தார் கேட்டபோது, படித்த பையன்கள் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். வந்திருந்த பொறியாளர் பிரகாஷுக்கு வேண்டியிருந்தது வேறு. பெட்டியோடு பேசுவதற்கு ஒரு பழைய கணிப்பொறியைக் கம்பியால் இணைத்து வைத்திருந்தான். அதில் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். ஓர் எழுத்துப் பிசகினாலும் பெட்டி கேட்காது. பையன்கள் ஒவ்வொருவனும் ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்து, நான்கு சொல்லுக்கு ஆறு பிழை விட்டான். கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த பாஞ்சாலியை, அவள் கணவரின் பெரியப்பா மகன் முத்துவேல்தான் கைகாட்டினார்.

"எங்க தம்பி பொண்சாதி டைப்பு பாஸ் பண்ணது. இத்தினி வருஷமா வூட்ல சும்மா குந்திகினு கீது. அதக் கேளுங்களேன்."

இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தொடாத விசைகள். ஆனால் விரல்கள் தம் இடத்தை மறக்கவில்லை. பிரகாஷ் சொல்லச் சொல்ல, விசைப்பலகையைக் குனிந்து பாராமலே அடித்தாள். ஒரு பிழையும் இல்லை. பொருள் தெரிந்துதான் அடித்தாளா என்று அவன் கேட்டான். தெரியாது என்றாள். அவனுக்கு அதுவே வசதியாகப் பட்டது.

அவன் கற்றுக்கொடுத்த வேலை இது. திங்கட்கிழமைதோறும் காலை பத்து மணிக்குப் பெட்டியை நிறுத்தி மீண்டும் போட வேண்டும். பெட்டி முழுதாக விழித்துக்கொள்வதற்குமுன் திரையில் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணும். அந்த எண்ணிக்கை முடிவதற்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்டினால், எண்ணுவதை விட்டுவிட்டு, ஓர் அம்புக்குறியைக் காட்டி, என்ன வேண்டும் என்று கேட்பதுபோல் நிற்கும். அப்போது 'பிரிண்ட்என்வ்' என்று அடித்தால், இருபத்துமூன்று வரிகள் திரையில் இறங்கும். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், ஒரு சமன்குறி, ஒரு மதிப்பு. எந்த வேகத்தில் பேசுவது, எங்கிருந்து விழிப்பது, எத்தனை வினாடி காத்திருப்பது, எந்த அளவில் சங்கை ஊதுவது என்று, பெட்டி தன்னைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பதெல்லாம் அந்த வரிகளில் இருக்கும். 'லெவல்' என்ற பதினேழாவது வரிதான் சங்குக்கு உரியது. அதில் பத்து என்று இருக்கும். எல்லா வரிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபின் 'பூட்' என்று அடித்தால் பெட்டி விழித்து வேலைக்குப் போய்விடும்.

"திங்கக்கிழமை தவிர வேற எந்த நாள்லயும் பெட்டிய நிறுத்தக் கூடாது, அக்கா," என்றான் பிரகாஷ். "நிறுத்தின நேரத்துல தண்ணி ஏறிச்சுன்னா அதுக்குத் தெரியாது."

பாஞ்சாலி ஒரு நீள நோட்டு வாங்கினாள். இருபத்துமூன்று வரிகளையும் முதல் பக்கத்தில் அச்செழுத்துப்போல் எழுதிக்கொண்டாள். வாரந்தோறும் ஒரு பக்கம்: தேதி, நேரம், இருபத்துமூன்று வரி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பென்சில் குறி, அடியில் தனக்குத் தோன்றிய குறிப்பு. காய்ச்சலில் படுத்த வாரத்திலும் போனாள். ஆடிப்பூரத்தன்று ஊர் முழுதும் கோயிலில் இருந்தபோது அவள் மதகடி அறையில் பதினோராம் வரிக்குக் குறி போட்டுக்கொண்டிருந்தாள்.

மாதம் முதல் தேதி சங்கைச் சோதிப்பார்கள். கலங்கலடிப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கம்பத்தைச் சுற்றி ஓடுவார்கள். சோதனை முடிந்ததும் பாஞ்சாலி கரையிலிருந்து இறங்கி, நன்றாகக் கேட்டதா என்று வீட்டுக்கு வீடு விசாரிப்பாள். அந்தக் குடியிருப்புக்குள் வீட்டுக்கு வீடு போன முதல் ஊர்க்காரி அவள்தான். அங்கே அவளுக்குச் 'சங்கம்மா' என்று பெயர் விழுந்தது. வைத்தவர் கன்னியப்பன். வயல் வரப்புகளில் எலி பிடிக்கும் வேலை அவருக்கு.

ஒருமுறை எலி கம்பியைக் கடித்து, வெயில் காய்கிற நண்பகலில் சங்கு தானாக ஊதிற்று. பாஞ்சாலி மூச்சிரைக்க ஓடிவந்து சேர்ந்தபோது, கன்னியப்பன் வேப்பமரத்தடியில் குந்தி வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"இன்னா சங்கம்மா, ஏரில தண்ணியே இல்ல, எதுக்கு ஊதுது?"

"எலி கடிச்சிட்சி."

"மெட்ராஸ்காரன் அம்மாம்பெரிய பொட்டி வச்சான், எலிக்கு ஒரு வழி வச்சானா? எலி புடிக்கிறவன் இங்க குந்திகினு கீறேன். என்னிய வேலைக்கு வச்சிருந்தா இது நடக்குமா?"

"ஒன்ன வச்சா பொட்டியவும் சுட்டுத் தின்னுடுவ," என்று குடிசைக்குள்ளிருந்து அவர் மனைவி எல்லம்மாள் குரல் கொடுத்தாள்.

பாஞ்சாலி அன்று சிரித்தாள். கணவர் போனபின் அவள் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தவர்கள் குறைவு. எல்லம்மாள் ஒரு டம்ளரில் பாலில்லாத வரக்காப்பி கொண்டுவந்து சற்றுத் தள்ளித் தரையில் வைத்தாள். பாஞ்சாலி அதைக் குனிந்து எடுத்துக் குடித்தாள். ஊருக்குள் இது இரண்டு நாள் பேச்சாக இருந்தது. முத்துவேல் மட்டும் கேட்டார்: "அங்கயெல்லாம் குடிக்கணும்னு உனுக்கு இன்னா தலையெழுத்து?" மறுமாதமும் குடித்தாள்.

2005 செப்டம்பரில் முத்துவேல் ஒரு டிராக்டர் வாங்கினார். கழனிக்குப் போக ஊரைச் சுற்றுவது தூரம் என்று, ஏரிக்கரையில் கலங்கலுக்கு நூறடி தள்ளி ஒரு சரிவு வெட்டி வண்டியை இறக்கினார். அக்டோபரில் பிரகாஷ் வந்தபோது அந்தச் சரிவைப் படம் எடுத்துக்கொண்டு போனான். பாஞ்சாலி நோட்டில் எழுதினாள்: 'அக்டோபர் 10. கரையில் சரிவு, அகலம் ஒன்பது அடி. முத்துவேல் மாமா டிராக்டருக்காக வெட்டியது.'

இரண்டு வாரம் கழித்துப் பிரகாஷிடமிருந்து தபால் கார்டு வந்தது, உடனே தொலைபேசியில் கூப்பிடும்படி. அக்டோபர் 31, திங்கட்கிழமை காலை, அவள் உத்திரமேரூர் போய், மருந்துக்கடை வாசலில் இருந்த ஒரு ரூபாய் நாணயத் தொலைபேசியில் பேசினாள். கையில் இருந்தவை மூன்று நாணயங்கள்.

"அக்கா, அந்தச் சரிவு ரொம்ப மோசம். எட்டடித் தண்ணி வந்தா தாங்காதுன்னு எங்க பெரியவர் சொல்றார். சங்கு ஏழடியிலயே ஊதணும். அப்பதான் கீழ இருக்கறவங்களுக்கு ஒரு மணி நேரமாவது கிடைக்கும். பேனா வச்சிருக்கீங்களா?"

"சொல்லு தம்பி."

"பெட்டிய நிறுத்திப் போடுங்க. எண்ணும்போது தட்டி நிறுத்துங்க. பிரிண்ட்என்வ். பத்துன்னு காட்டும். அப்புறம் 'செட்என்வ்', ஒரு இடைவெளி, 'லெவல்', ஒரு இடைவெளி, ஏழு. மறுபடியும் பிரிண்ட்என்வ். இப்ப ஏழுன்னு காட்டணும். காட்டினதும்..."

இரண்டாம் நாணயத்தின் நேரம் தீர்ந்து இணைப்பு அறுந்தது. மூன்றாவதைப் போட்டாள். வேறு யாரோ எடுத்து, பிரகாஷ் வெளியே போய்விட்டதாகச் சொன்னார். கடைசி நாணயமும் போயிற்று.

பேருந்தில் திரும்பும்போது எழுதிக்கொண்டதை மடியில் விரித்துப் பார்த்தாள். காட்டினதும் என்ன செய்வது என்பதில் அவளுக்குச் சந்தேகம் எழவில்லை. வரிகளைப் பார்த்தபின் 'பூட்' அடிப்பது என்பது இரண்டு ஆண்டுப் பழக்கம். விடுபட்ட சொல் அதுதான் என்று அவள் கை தானாகவே எழுதிக்கொண்டது.

அன்று பகல் பன்னிரண்டு மணிக்குச் சொன்னபடியே செய்தாள். பதினேழாம் வரி ஏழு என்று காட்டிற்று. அதைத் தன் கண்ணால் இரண்டு முறை பார்த்தாள். குறி போட்டாள். பூட் அடித்தாள். கீழே இறங்கிப் போய், இனிமேல் சங்கு ஏழடியிலேயே ஊதும், அதனால் ஊதின உடனே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறிவிட வேண்டும் என்று பதினேழு வீட்டிலும் சொன்னாள்.

"ஊதலைன்னா?" என்று கேட்டது கன்னியப்பன் மகள் சந்தியா. ஐந்தாம் வகுப்பு. கணக்கில் கெட்டி என்று வாத்தியாரே சொல்லியிருந்தார்.

"ஊதலைன்னா ஏழடி வரலன்னு அர்த்தம்."

அடுத்த திங்கள், நவம்பர் 7. பெட்டியை நிறுத்திப் போட்டாள். எண்ணிக்கையைத் தடுத்தாள். வரிகள் இறங்கின. பதினேழாவதில் பத்து.

தான் தவறாகப் பார்க்கிறோமோ என்று மறுபடியும் அடித்துப் பார்த்தாள். பத்துதான். நோட்டைப் புரட்டி, போன வார ஏழையும் அதன் எதிரே இருந்த குறியையும் பார்த்தாள். வெகுநேரம் உட்கார்ந்து யோசித்தாள். இந்தப் பெட்டி புதிதாகச் சொன்னதை நிறுத்தும்போது மறந்துவிடுகிறது. அதற்காகத்தான் வாரம் ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை நாள் தான் செய்த வேலைக்கு இதுதான் காரணம் போலும் என்று அவளுக்குத் தோன்றிற்று. அவள் கண்ட அளவில் அந்த நினைப்பில் ஓட்டை ஏதும் இல்லை. மறுபடியும் ஏழு போட்டாள். காட்டச் சொல்லிப் பார்த்தாள். ஏழு. அடியில் எழுதினாள்: '10 காட்டியது. 7 ஆக்கினேன்.'

நவம்பர் 14: '10 காட்டியது. 7 ஆக்கினேன்.' மறுநாள் ஒரு கார்டு வாங்கிப் பிரகாஷுக்கு எழுதினாள்: 'பெட்டி ஏழை மறந்துவிடுகிறது. திங்கள்தோறும் நான் நினைவூட்டி வருகிறேன். கவலை வேண்டாம்.' பிரகாஷ் அந்த மாதம் முதல் தேதியோடு வேலையை விட்டுப் பெங்களூர் போய்விட்டிருந்தான். கார்டு அவன் மேசைத் தட்டில் மற்றத் தபால்களோடு கிடந்தது.

நவம்பர் 21: '10 காட்டியது. 7 ஆக்கினேன்.' நவம்பர் 28: '10 காட்டியது. 7 ஆக்கினேன். மழை.'

டிசம்பர் முதல் தேதி, வியாழன் நண்பகல், கரண்ட் போயிற்று. பெட்டிக்குக் காவலாக ஒரு லாரி பேட்டரி இருந்தது. வெள்ளி முழுதும் மழை விடவில்லை. கரண்ட்டும் வரவில்லை. வெள்ளியின் எந்த மணியில் அந்தப் பேட்டரி ஓய்ந்தது என்பது யாருக்கும் தெரியாது. சனி விடிகாலை ஐந்தரை மணிக்குக் கரண்ட் வந்தது. பெட்டி தானாக விழித்தது. மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணிற்று. தடுக்க யாரும் இல்லாததால் தனக்குத் தெரிந்த பத்தோடு வேலைக்குப் போயிற்று.

ஆறு மணிக்கு எல்லம்மாள் தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு பாஞ்சாலி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"யம்மா, தண்ணி தளும்பிகினு கீறா மாதிரி சத்தம் கேக்குது. எங்கூட்டுக்காரு மேட்டுக்குப் போலாம்ன்றாரு. புள்ளைக்கு வேற உடம்பு அனலா கொதிக்குது. மழைல தூக்கிகினு போறதா வாணாமான்னு ஒண்ணும் புரில. நீ இன்னா சொல்ற?"

பாஞ்சாலி குடையை எடுத்துக்கொண்டு அவளோடு கரையேறினாள். மழை திரைபோல் இறங்கிக்கொண்டிருந்தது. மதகடி அறையின் சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். பெட்டியின் பச்சை விளக்கு நிதானமாக எரிந்தது. அந்த அறைக்குப் பக்கத்திலேயே ஏரிக்குள் இறங்கும் கற்படிகள் இருந்தன. படியோரத்தில் அடிக்கணக்கு வெட்டிய அளவுகல் நிற்கும். பெட்டி வருவதற்குமுன் ஊர்க்காரர்கள் அந்தக் கல்லைத்தான் பார்ப்பார்கள். பத்துப் படி இறங்கினால் தெரியும். படிகள் பாசி பிடித்திருந்தன. அவள் இறங்கவில்லை.

"பச்சை எரியுது, எல்லம்மா. பொட்டி முழிச்சிகினுதான் கீது. ஏழடி வந்திருந்தா ஊதியிருக்கும்."

"நிச்சயமா ஊதுமா?"

"திங்கக்கிழமதான் என் கண்ணால பாத்தேன். ஏழுன்னு காட்டிச்சி. நோட்லயும் எழுதிகீறேன். நீ போய்ப் புள்ளைக்குக் கஞ்சி வச்சிக் குடு. ஊதினா உடனே ஏறிடுங்க."

எல்லம்மாள் இறங்கிப் போனாள். அந்த நேரத்தில் தண்ணீர் ஏழேகால் அடி.

அது பின்னால் கணக்கிட்டுச் சொன்னது. அப்போது யாரும் பார்க்கவில்லை.

ஏழே முக்கால் மணிக்குச் சரிவு விட்டது. முதலில் டிராக்டர்த் தடத்தில் ஒரு கை அகலத்துக்கு வழிந்ததாம். கம்பத்தருகே அடிபம்பில் குடம் வைத்துக்கொண்டிருந்த எல்லம்மாள் அதைப் பார்த்தாள். அடிபம்பு சற்று மேட்டில் இருந்தது. கூச்சல் போட்டாள். மற்ற வீட்டார் வெளியே வந்து ஏறினார்கள். கன்னியப்பனும் ஏறிவிட்டவர்தான். மகள் காய்ச்சலில் படுத்திருந்த குடிசையை நோக்கித் திரும்பி இறங்கினார். அந்தக் கை அகலம் அதற்குள் முப்பதடி ஆகிவிட்டிருந்தது.

சந்தியாவை அன்று மாலையே கரும்புக் கொல்லையில் கண்டெடுத்தார்கள். கன்னியப்பன் கிடைத்தது மூன்றாம் நாள். சங்குக் கம்பம் நின்ற இடத்திலேயே நின்றது.

பாஞ்சாலி அந்தச் சனிக்கிழமை எட்டரை மணிக்கு மதகடி அறைக்குப் போனாள். திங்கள் அல்லாத நாளில் பெட்டியை நிறுத்தியது அவள் அந்த ஒருமுறைதான். வரிகள் இறங்கின. பதினேழாவதைப் பார்த்தாள். நோட்டில் எழுதினாள்: 'டிசம்பர் 3, சனி. 10 காட்டியது.' அதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. குறியும் போடவில்லை.

விசாரணை 2006 ஜனவரி 9, திங்களன்று, அதே அறையில் நடந்தது. தாலுகாவிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். நிறுவனத்தின் சார்பில் பிரகாஷின் மேலாளர் தாண்டவராயன் வந்திருந்தார். முத்துவேல் ஊர்ப் பெரியவர் என்ற முறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாஞ்சாலி நின்றாள்.

தாண்டவராயன் நோட்டை வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டினார். புரட்டுவது வரவர மெதுவாயிற்று.

"நாலு வாரம் பத்துன்னு காட்டியிருக்கு."

"ஆமாங்க."

"நாலு வாரமும் நீங்க ஏழு போட்டிருக்கீங்க."

"ஆமாங்க."

"சேவ்என்வ் போட்டீங்களா?"

"அது எந்த வரிங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அக்டோபர் 31ஆம் தேதிப் பக்கத்துக்குத் திருப்பி, அவள் எழுதிவைத்திருந்த கட்டளைகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். செட்என்வ். பிரிண்ட்என்வ். பூட். இடையில் வேறொன்றும் இல்லை.

"அம்மா, காட்டச் சொன்னா அது அந்த நேரத்துல நினைப்புல இருக்கறதைத்தான் காட்டும். சிப்புல பதிஞ்சிருக்கறது வேற. சேவ்என்வ்னு ஒண்ணு அடிச்சாத்தான் பதியும். இல்லேன்னா நிறுத்தினதும் போயிடும்."

அவரே விசைப்பலகையை இழுத்து ஏழு போட்டு, அந்தச் சொல்லையும் அடித்துக் காட்டினார். பெட்டி இரண்டு வினாடி யோசித்து, முடிந்தது என்றது. நிறுத்திப் போட்டார். வரிகள் இறங்கின. பதினேழாவதில் ஏழு நின்றது.

"அவ்ளோதானா?" என்றாள் பாஞ்சாலி.

"அவ்வளவுதான்."

"தம்பி சொல்ல வந்தது இதுதானா அப்போ."

தாண்டவராயன் தன் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நோட்டுக்குள் வைத்தார். அவள் நவம்பரில் எழுதிய கார்டு.

முத்துவேல் தொண்டையைச் செருமினார். "பொம்பள கைல மிஷினக் குடுத்தா இப்டித்தான், சார். நான் அப்பவே யோசிச்சேன்."

"நீங்கதான மாமா கைகாட்னீங்க," என்றாள் அவள். குரலில் ஏற்றம் இல்லை. முத்துவேல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதிகாரி ஒன்றரைப் பக்கத்தில் அறிக்கை எழுதி வாசித்தார். பெட்டியை இயக்கியவர் புதிய அளவைப் பதியத் தவறியதால் சங்கு ஊதவில்லை என்பது அதன் சாரம். பாஞ்சாலி முழுவதையும் கேட்டாள். பிறகு, தன் நோட்டின் அக்டோபர் பத்தாம் தேதிப் பக்கத்தை விரித்து அவர் முன் வைத்தாள்.

"கரைல சரிவு வெட்னது இதுல இல்லீங்களே."

"இது சங்கு ஊதாததைப் பத்தின விசாரணைம்மா. கரையைப் பத்தி வேற இலாகா பாக்கும்."

"பாப்பாங்களா?"

"எழுதிப் போடலாம்."

அவள் நோட்டை மூடாமல் அப்படியே விட்டாள். முத்துவேல் நாற்காலியில் அசைந்தார். அறிக்கையில் தன்னைப் பற்றி எழுதியிருந்ததில் பொய் என்று சொல்ல ஒரு சொல்லும் அவளுக்குக் கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட்டாள். சரிவைப் பற்றி அவள் தனியே எழுதிப் போட்டாள், மூன்று முறை. பதில் வந்ததற்கான தாள் எதுவும் அவள் டிரங்குப் பெட்டியில் இல்லை. பொங்கல் கழித்து நிறுவனத்தார் வந்து பெட்டியையும் கம்பத்தையும் கழற்றி எடுத்துப் போனார்கள். கரையை மண் கொட்டி அடைத்தார்கள். கலங்கலடிக் குடும்பங்கள் வேறு இடம் கிடைக்காமல் அங்கேயே மறுபடியும் குடிசை போட்டன.

பாஞ்சாலி மாரடித்து அழுததை யாரும் பார்க்கவில்லை. ஊரில் சிலர் அதையும் ஒரு குற்றமாகச் சொன்னார்கள். முத்துவேல் வீட்டாரோடு போக்குவரத்து நின்றது. குத்தகைக்காரர் நிலத்தை விட்டுவிட்டார்; பின்னால் முத்துவேல் ஆள்தான் அதைப் பயிரிட்டான்.

2006 ஆவணியில் ஏரிக்குத் தண்ணீர் வரத் தொடங்கியதும், அவள் காலையும் மாலையும் அந்தக் கற்படிகளில் இறங்கினாள். பத்தாம் படியில் நின்று அளவுகல்லைப் பார்ப்பாள். கையால் தடவிப் பார்ப்பாள், வெட்டு எழுத்தில் பாசி மறைத்திருக்கும் என்பதால். பிறகு கரையிறங்கி, கலங்கலடியில் எல்லம்மாள் குடிசைக்கு எதிரே, கம்பம் நின்ற குழிக்குப் பக்கத்தில் நின்று, "நாலடி," என்றோ "நாலே கால்," என்றோ சொல்வாள். குடிசைக்குள்ளிருந்து பதில் வராது. சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவாள். மற்ற வீட்டார் தலையாட்டுவார்கள். பின்னர் ஒருவர் இருவராகப் பேசவும் பேசினார்கள். எல்லம்மாள் அவள் வரும் நேரத்தில் முறத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து, இருக்கிறதோ இல்லையோ எதையாவது புடைப்பாள்.

மழை இல்லாத மாதங்களில் பாஞ்சாலி போவதில்லை. மழை வந்தால் ஒரு வேளையும் தவறியதில்லை. 2008இல் படியில் வழுக்கி முழங்கை எலும்பு முறிந்தது. கட்டோடு போனாள். நோட்டு எழுதுவதை விட்டிருந்தாள்.

2009 நவம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. மழை பெரிதாக இல்லை, தூறல்தான். அவள் வழக்கமான இடத்தில் வந்து நின்று, "ஆறடி," என்றாள்.

முறத்தின் சத்தம் நின்றது. எல்லம்மாள் திரும்பாமலே கேட்டாள்.

"படி எறங்கிப் பாத்தியா?"

"எறங்கித்தான் பாத்தேன்."

"கல்லத் தொட்டுப் பாத்தியா?"

"தொட்டுப் பாத்தேன்."

எல்லம்மாள் எழுந்து உள்ளே போனாள். சற்றுப் பொறுத்து, தலையில் சாக்கும் இடுப்பில் ஒரு மூட்டையுமாக வெளியே வந்தாள். பக்கத்துக் குடிசைகளைப் பார்த்து, ஆறடியாம், மேட்டுக்குப் போலாம் வாங்க என்று குரல் கொடுத்தாள். பாஞ்சாலியைக் கடக்கும்போது நிற்கவில்லை.

"நீயும் வா," என்றாள். "இங்க நின்னுகினு இன்னா பண்ணப்போற?"

அன்று கரை உடையவில்லை. பதினேழு குடும்பமும் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் இருந்துவிட்டு, மறுநாள் காலை தண்ணீர் ஐந்தேகாலுக்கு இறங்கியபின் திரும்பின.

எல்லம்மாள் பாஞ்சாலியோடு பேசாதிருந்தது மூன்று ஆண்டு, பதினொரு மாதம்.